தேக்குக்குப் பங்காளிகள் யார் யார்?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் சீக்கிரமே 'பர்மா தேக்கு' வந்துவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊரிலும் முகப்புத் தூணைத் தட்டிக்காட்டி "இது அசல் பர்மா" என்று சொல்லாத வீட்டுக்காரர் குறைவு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் கேட்டுக் கேட்டுப் பலர் மனதில் ஓர் எண்ணம் படிந்துவிட்டது. பர்மா தேக்கு ஒரு ரகம், நிலம்பூர் தேக்கு வேறொரு ரகம், தோட்டத்து வேலியோரம் நிற்கும் தேக்கு இன்னொரு ரகம் என்று. தாவரவியல் கணக்கு அப்படி இல்லை. இந்த மூன்றும் ஒரே சிற்றினம். பர்மாவுக்கு மட்டுமே சொந்தமான வேறொரு தேக்கு உண்மையிலேயே இருக்கிறது. நம் தூண்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இது எப்படி என்று புரிய, 'பேரினம்' என்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

செடிகொடிகளை வகைப்படுத்துவதில் படிகள் பல உண்டு. நமக்கு மூன்று போதும். பெரிய வட்டம் குடும்பம், அதற்குள் பேரினம், அதற்குள் சிற்றினம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், ஒன்பது கோயில்களாகப் பிரிந்திருக்கிறார்கள். பிள்ளையார்பட்டிக் கோயிலைச் சேர்ந்தவர் ஒருவர் காரைக்குடியில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், இருவருக்கும் முகச்சாயல் துளியும் இருக்காது. ஆனாலும் பங்காளிகள்தான். தோற்றம், தொழில், வசதி எதுவும் கணக்கில் வராது. வம்சாவளிதான் கணக்கு. பேரினமும் அதே மாதிரிதான்: ஒரு பொது மூதாதையிலிருந்து கிளைத்து வந்த சிற்றினங்களின் கூட்டம். மரம் வைரம் பாய்ந்ததா, இலை பெரிதா, எந்த நாட்டில் வளர்கிறது என்பதெல்லாம் துப்புகளாக உதவலாம். உறவைத் தீர்மானிப்பது வம்சம்.

தேக்கின் பேரினத்துக்கு டெக்டோனா என்று பெயர். 1782இல் வெளியான ஒரு நூலில் அதை முறைப்படி நிறுவியவர் கார்ல் லின்னேயஸ். உயிரினங்களை வகைப்படுத்திப் புகழ்பெற்ற லின்னேயஸ் அல்ல, அவருடைய மகன். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் தேக்கின் படமும் விவரமும் 'தேக்கா' என்ற மலபார்ப் பெயரிலேயே வந்துவிட்டன. பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதான்சன் 1763இல் அந்தப் பெயரையே பேரினத்துக்கும் வைத்தார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் விதி. அதன்படி இன்றைக்கும் 'தேக்கா'தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் டெக்டோனா பரவலாகப் புழங்கிவிட்டதால், விதிவிலக்குக் கொடுத்து அதையே நிலைநிறுத்திவிட்டார்கள். நம் ஊர்ப் பெயர் ஒன்று உலகப் பெயராகியிருக்க வேண்டியது, நூலிழையில் தப்பிப்போனது.

டெக்டோனாவில் மொத்தம் மூன்றே சிற்றினங்கள். நாம் தேக்கு என்று சொல்வது டெக்டோனா கிராண்டிஸ். இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளின் காடுகளில் தானாக வளர்வது. இரண்டாவது டெக்டோனா ஹாமில்டோனியானா. மியான்மரின் நடுவில் இருக்கும் வறண்ட நிலப்பகுதியில் மட்டும் வளர்வது. அங்கே இதை 'தஹாத்' என்பார்கள். நம் தேக்கில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். தஹாத்தில் மூன்று இலைகள் கணுவைச் சுற்றி நிற்கும். மரமும் அவ்வளவு ஓங்கி வளராது. பெயரில் இருக்கும் ஹாமில்டன், 1795இல் பர்மிய அரசவைக்குப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவில் இருந்த மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன்-ஹாமில்டன். சில ஆண்டுகள் கழித்து இவரே கொங்கு நாட்டையும் சுற்றிப் பார்த்து எழுதினார். மூன்றாவது டெக்டோனா பிலிப்பினென்சிஸ். பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ் மாகாணத்துக் கடலோரத்திலும், மிண்டோரோ பக்கத்தில் இலின் என்ற சின்னத் தீவிலும் மட்டும் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள மரம்.

ஆக, 'பர்மாவின் தேக்கு' என்று உரிமை கொண்டாடத்தக்கது தஹாத்துதான். செட்டிநாட்டு வளவுகளில் நிற்பவை டெக்டோனா கிராண்டிஸ் தூண்கள். டாப்சிலிப் காட்டில் நிற்பதும் அதே சிற்றினம்தான்.

இனி குடும்பத்துக்கு வருவோம். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பழைய பாடநூல்களைப் புரட்டினால் தேக்கு வெர்பினேசி குடும்பத்தில் இருக்கும். உண்ணிச்செடி, பொடுதலை, நொச்சி எல்லாம் அங்கே இருந்தன. இன்றைய நூல்களில் தேக்கு லேமியேசி குடும்பத்துக்கு வந்துவிட்டது. அதாவது துளசி, தும்பை, புதினா, கர்ப்பூரவல்லி இவற்றின் குடும்பம். முற்றத்துத் துளசியும், அதைச் சுற்றி நிற்கும் நாலு தூண்களும் சொந்தக்காரர்கள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வாசனை இல்லை, உயரம் ஒத்துவரவில்லை, பூவும் வேறு மாதிரி. அப்புறம் எப்படி?

முதலில் ஏன் பிரித்து வைத்தார்கள் என்று பார்ப்போம். ஒரு தும்பைப் பூவைப் பிடுங்கிவிட்டு, மீந்திருக்கும் பச்சைக் குப்பிக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் நாலு குட்டி உருண்டைகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். சூலகம் நாலாகப் பிளந்து, அந்த நாலுக்கும் நடுவில் அடியிலிருந்து சூல்தண்டு கிளம்பும். முற்றியதும் நாலு விதைகளாக உதிரும். துளசியிலும் இதே அமைப்புத்தான். தேக்கிலும் நொச்சியிலும் உண்ணியிலும் சூலகம் பிளவுபடாமல் முழுசாக இருக்கும், சூல்தண்டு அதன் உச்சியிலிருந்து கிளம்பும். இந்த ஒரு வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, நாலாகப் பிளந்தவை லேமியேசி, பிளக்காதவை வெர்பினேசி என்று கோடு போட்டார்கள். நெடுங்காலம் அந்தக் கோடு அப்படியே நின்றது.

இதில் ஒரு சிக்கல். பிளக்காத சூலகம் என்பது பழைய அமைப்பு. மூதாதையிடம் இருந்த பழைய அமைப்பு இரண்டு பேரிடம் மிச்சமிருப்பதால் அவர்கள் நெருங்கிய உறவு என்று ஆகிவிடாது. உறவைக் காட்டுவது புதிதாகத் தோன்றிய அடையாளம். இரு பக்கத்தையும் பிரித்துக்காட்டும் ஓர் அடையாளத்தைப் பூங்கொத்தில் பார்க்கலாம். உண்ணிச்செடியின் பூக்கொத்தில் வெளி ஓரத்துப் பூக்கள் முதலில் விரியும், நடுவில் இருப்பவை மொட்டாகவே காத்திருக்கும். இது ரசிமோஸ் வகை. தேக்கின் பெரிய பூங்கொத்தில் சின்னச் சின்னக் கிளையாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கவட்டிலும் நடுப்பூ முதலில் விரிந்திருக்கும், பக்கத்துப் பூக்கள் பிறகுதான் வரும். இது சைமோஸ் வகை. நொச்சியிலும் இப்படித்தான். துளசியும் தும்பையும் கூட அடிப்படையில் இதே வகை. கொத்து நெருங்கிச் சுருங்கிவிட்டதால் சட்டென்று தெரியாது.

1990களின் தொடக்கத்தில் தாவரவியலாளர் பிலிப் காண்டினோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த அடையாளங்களையெல்லாம் கோத்துப் பார்த்து, வெர்பினேசியில் இருந்த ஒரு பெரும்பகுதியை லேமியேசிக்கு மாற்றினார்கள். தேக்கு, நொச்சி, குமிழ், முன்னை எல்லாம் துளசிப் பக்கம் வந்தன. உண்ணியும் பொடுதலையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. ஆனாலும் குடும்பத்துக்குள் தேக்குக்கு எந்த அறையைக் கொடுப்பது என்பதில் குழப்பம் நீடித்தது. நொச்சியோடும் சேரவில்லை, துளசியோடும் சேரவில்லை. கடைசியில் 2017இல் போ லீ, ரிச்சர்ட் ஓம்ஸ்டெட் இருவரும் டெக்டோனாவுக்கு என்றே ஒரு தனித் துணைக்குடும்பம் அமைத்தார்கள். அதில் வேறு எந்தப் பேரினமும் கிடையாது.

இதையெல்லாம் நம்ப நுண்ணோக்கி வேண்டாம். இளம் தேக்குக் கிளை ஒன்றை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு பட்டையாக இருக்கும். துளசித் தண்டும் நாலு பட்டைதான். இலைகள் இரண்டிலும் எதிரெதிர். ஆடி, ஆவணியில் பூக்கும்போது ஒரு கொத்தைக் கீழே விழுந்த இடத்தில் எடுத்துப் பாருங்கள். பூ வெள்ளை, ஒரு செ.மீ. கூட இருக்காது, பெரும்பாலும் ஆறு இதழ், நட்சத்திரம் போலச் சீராக விரிந்திருக்கும். துளசிக்கும் தும்பைக்கும் மேலுதடு கீழுதடு என்று பூ கோணலாக இருக்கும், தேக்குக்கு அது இல்லை. பூ உதிர்ந்ததும் புல்லி வட்டம் ஊதிப் பெருத்து, காகிதப் பை மாதிரி காயை மூடிக்கொள்ளும். இந்தப் பைதான் டெக்டோனாவின் முத்திரை. உள்ளே கெட்டியான கொட்டை. அதை உடைத்தால் நாலு அறை. தும்பையின் நாலு உருண்டைகள் நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்று, இளந்தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும். பிள்ளைகள் மருதாணி என்று பூசிக்கொண்டு திரிவது இதைத்தான்.

சரி, கடைப் பெயர்களுக்கு வருவோம். மரக்கடையிலும் நாற்றங்காலிலும் 'தேக்கு' என்ற பெயர் தாராளமாகப் புழங்குகிறது. வெண்தேக்கு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மரம் உண்டு. அது மருதாணியும் மாதுளையும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. தேக்குக்கு எந்த ஒட்டும் இல்லை. நாற்றங்காலில் 'குமிழ் தேக்கு' என்று விற்பது குமிழ மரம். குடும்பம் லேமியேசிதான், ஆனால் பேரினம் வேறு. ஆப்பிரிக்கத் தேக்கு என்று வெளிநாட்டில் விற்கும் இரோக்கோ, அத்தி, பலா இவற்றின் குடும்பம். பிரேசில் தேக்கு என்ற பெயரில் வரும் குமாரு, அவரைக் குடும்பம். இதில் ஏமாற்றே இருக்கிறது என்று சொல்லவில்லை. நிறமும் உறுதியும் ஒத்திருந்தால் வியாபாரி அந்தப் பெயரை ஒட்டுவது உலக வழக்கம். ஆனால் கானா தேக்கு என்று வருவது பெரும்பாலும் உண்மையிலேயே டெக்டோனா கிராண்டிஸ். அங்கே கொண்டுபோய் நட்டு வளர்த்தது. ஆக, பெயரில் ஆப்பிரிக்கா இருந்தால் வேறு மரம், கானா இருந்தால் அதே மரம் என்று ஆகிறது. இந்த மாதிரி இடத்தில்தான் பேரினப் பெயர் கைகொடுக்கும்.

இனிப் பரவல். தேக்கு ஏன் அந்த நான்கு நாட்டில் மட்டும் தானாக வளர்கிறது? பக்கத்திலேயே இருக்கும் மலேசியாவில் ஏன் இல்லை? போர்னியோவில் ஏன் இல்லை?

தேக்கு மழை கேட்கும், ஆனால் மழை நிற்க வேண்டும் என்றும் கேட்கும். ஆண்டுக்கு 1250 மி.மீ.க்கு மேல் பெய்து, அதற்குப் பிறகு மூன்று முதல் ஐந்து மாதம் நன்றாகக் காய்ந்தால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். காய்ச்சலில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். வருடம் முழுக்க மழை பெய்யும் மலேசியக் காடுகளில் பசுமை மாறா மரங்களோடு போட்டி போட இதனால் முடியாது. நிழலும் ஆகாது. வேரடியில் தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும். சுண்ணாம்புச் சத்துள்ள, வடிகால் நல்ல மண் வேண்டும். கடும் உறைபனியும் தாங்காது. இந்தியாவில் இதன் பரப்பு வடக்கே ஆரவல்லி, ஜான்சிப் பக்கத்தோடு நின்றுவிடுவதில் குளிருக்கும் வறட்சிக்கும் பங்கு உண்டு.

வரைபடத்தில் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய இடைவெளி தெரியும். இந்தியத் தீபகற்பத்துத் தேக்கு ஒரு பக்கம், மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் தேக்கு மறுபக்கம். நடுவில் வங்காளச் சமவெளியும் பிரம்மபுத்திராவின் ஈர நிலங்களும். மணிப்பூரில் மட்டும் எல்லை ஒட்டி இயற்கைத் தேக்கு உண்டு. அது மியான்மர்ப் பரப்பின் தொடர்ச்சி. இந்தப் பிரிவு மரபணுவிலும் தெரிகிறது. இந்தியத் தேக்கிலும் கிழக்கத்தியத் தேக்கிலும் வேறுபாடு உண்டு, இந்தியாவில்தான் பன்மை அதிகம். ஆனாலும் இரண்டையும் தனிச் சிற்றினமாகப் பிரிக்கும் அளவுக்கு விலகவில்லை. ஜாவாவில் நெடுங்காலமாகத் தேக்குக் காடுகள் இருக்கின்றன. அவை பல நூற்றாண்டுகளுக்கு முன் மனிதர் கொண்டுபோனவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இயற்கைத் தேக்குக் காடுகள் மொத்தம் ஏறக்குறைய 2.9 கோடி எக்டேர் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2010 வாக்கில் கணக்கிட்டது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மியான்மரில் மட்டும். செட்டிநாட்டுக்குப் பர்மா தேக்கு வந்ததற்கு இது ஒரு காரணம். மற்றது, நகரத்தார் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் வயல்கள் பெருகின. விவசாயிக்குக் கடன் கொடுக்க நகரத்தார் லேவாதேவிக் கடைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. அந்தப் பணத்தில்தான் இங்கே வீடுகள் எழுந்தன. ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் மரம் கப்பலேறியது.

பர்மாவில் மரம் வெட்டிய விதமே தனிக் கதை. பச்சைத் தேக்கைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கொண்டுவர முடியும். அதனால் மரத்தைச் சாய்க்கும் முன்பே அடியில் பட்டையோடு வெளிமரத்தையும் சுற்றி வளையமாக வெட்டிவிடுவார்கள். நின்ற நிலையிலேயே அது செத்து, இரண்டு மூன்று ஆண்டு காய்ந்து இளைக்கும். பிறகு சாய்த்து, யானைகள் இழுத்து ஆற்றில் தள்ளும். செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த மரம் ஆசாரி கைக்குப் போகும்போதே நன்றாகக் காய்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பர்மா மரத்தின் பெயருக்குப் பின்னால் சிற்றின வேறுபாடு இல்லை. முதிர்ந்த இயற்கைக் காடு, மெதுவான வளர்ச்சி, பருத்த அடிமரம், நிதானமாகக் காய வைத்தது, இவைதான் இருக்கின்றன. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி இருபது வருடத்தில் வெட்டும் மரத்தில் வெளிமரம் அதிகம், நடுவில் இறுகிய வைரம் குறைவு. கரையானை விரட்டும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் வைரத்தில்தான் சேர்கின்றன.

மனிதன் நட்ட தேக்கின் பரப்போ இயற்கைப் பரப்பைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. நிலம்பூரில் 1840களில் ஆங்கிலேய கலெக்டர் கானலி ஏற்பாட்டில், சாத்து மேனன் முன்னின்று நட்ட தோட்டம் உலகின் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்று. 1913இல் பர்மாவின் தெனாசெரிம் பகுதியிலிருந்து டிரினிடாடுக்கு விதை போனது. இன்று நைஜீரியா, கோஸ்டாரிகா, பனாமா, பிரேசில் என்று வெப்பமண்டலம் முழுக்கத் தேக்கு நிற்கிறது. தமிழ்நாட்டில் இயற்கையாகப் பார்க்க ஆனைமலை, முதுமலைப் பக்கம் போக வேண்டும். தஞ்சாவூர் வாய்க்கால் கரைகளில் வரிசையாக நிற்பது வனத்துறை நட்டது.

செட்டிநாடு? இங்கே தேக்கு என்றைக்கும் காட்டு மரம் அல்ல. மழை ஆண்டுக்கு 900 மி.மீ. அளவில்தான், அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கீழே செம்பாறை மண், வேர் ஆழமாக இறங்க இடமில்லாத இடங்கள் நிறைய. நட்டால் பிழைக்கும், பூக்கும், காய்க்கும். ஆனால் அடிமரம் பருக்க அவசரப்படாது. 1990களில் தேக்கு நட்டால் லட்சம் லட்சமாக வரும் என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டியவர்களில் பலருக்கு மரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. தேக்கு எங்கே வளரும், எவ்வளவு வேகத்தில் வளரும் என்று வரைபடம் அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இடித்த வீட்டுத் தூணும் நிலையும் கிடக்கும். ஒரு கடைக்காரர் தூணின் அறுத்த முகத்தை ஈரத்துணியால் துடைத்துக் காட்டி, "அண்ணே, இந்த வரியப் பாருங்க, இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்" என்றார். அவர் காட்டியது ஆண்டு வளையங்களை. வறண்ட மாதங்கள் முடிந்து தளிர்க்கும்போது தேக்கு பெரிய துளைகளை வரிசையாக உண்டாக்கும், பிறகு சிறு துளைகள். வெப்பமண்டல மரங்களில் இவ்வளவு தெளிவாக வளையம் காட்டுபவை கொஞ்சம்தான். அந்த வரியை வைத்து, இரோக்கோவும் குமாருவும் அல்ல, தேக்குதான் என்று பழகிய கண் சொல்லிவிடும். சந்தேகம் என்றால் பெங்களூரில் உள்ள மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத் துண்டை ஆய்ந்து எந்த மரம் என்று சொல்வார்கள்.

ஆனால் எந்த நாட்டுத் தேக்கு என்பதை வரி சொல்லாது. மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு 'பர்மா' என்ற பெயருக்கு விலை இன்னும் ஏறிவிட்டது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் மரபணுவையோ வேதிப்பொருள்களையோ எடுத்து, மியான்மர்க் காட்டு மாதிரிகளோடும் நிலம்பூர் மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துத் தெரிந்துகொள்ள முடிவது பேரினம் வரைதான்.